ஆடிப்பெருக்குக்கு மறுநாள் எடுத்த தண்ணீர்

திருச்சிக்கு நான் போனது இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துவர. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில் மட்டும்தான் விவரம் சொன்னேன். "அம்மாந்தூரம் போய் ரெண்டு பாட்டில்தானா?" என்றாள் அம்மா. பாலாற்றங்கரைக்காரி. காவேரிக்குப் போகிற பிள்ளை ஒரு குடமாவது கொண்டுவர வேண்டாமா என்ற வருத்தம் அவளுக்கு நியாயமானதுதான்.

விஷயம் இதுதான். அரியமங்கலத்தில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு, நாற்பது வீடு இருக்கும். இரும்புச் சாமான்களுக்குக் குரோமிய முலாம் பூசும் பட்டறை ஒன்று முன்பு அதன் முதுகுப்பக்கம் இருந்தது. வருடக்கணக்கில் கழிவைக் குழி தோண்டி மண்ணுக்குள் விட்டுவிட்டு, ஒரு நாள் பூட்டிக்கொண்டு போய்விட்டது. தெருவின் அடிகுழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. இப்போது தெருக்கோடியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சி, குரோமியத்தைப் பிரித்துவிட்டு, மிச்சத்தை மறுபடி மண்ணுக்குள் விடும். நீர் சுத்தமாகும்வரை தெருவுக்குக் குடிக்க லாரித் தண்ணீர்.

தெரு நடுவில் ஒரு கண்காணிப்புக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். வருடம் ஒருமுறை நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடம் அதிலிருந்து மாதிரி எடுக்கும். தொடர்ந்து இரண்டு முறை சுத்தம் என்று வந்தால் நிலையத்தை நிறுத்தலாம், லாரியையும் நிறுத்தலாம் என்பது ஏற்பாடு. போன வருடம் சுத்தம் என்று வந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவனும் நான்தான். அப்பா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர், எல்லா இடத்திலும் கைநாட்டு. அந்தத் தாளின் நகலைக் காட்டியபோது எழுத்தை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் ஊர்க் கிணறுகள் தோல் கழிவில் போனவை. எங்கேயோ ஒரு தெருவில் தண்ணீர் நல்லபடி ஆகிவிட்டது என்று மகன் எழுதியிருக்கிறான் என்றதும் அவருக்கு அன்று சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கியது.

சனிக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, தெருவை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பி, வந்த பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்தில் போர்டைப் படிக்கவில்லை. படித்தவன் செய்கிற தப்பா இது என்றால், படித்தவன்தான் செய்வான். படிக்காதவன் யாரையாவது கேட்டுவிட்டு ஏறுவான். காவேரிப் பாலத்தின் மேல் பஸ் நின்றதும்தான் கண்டக்டர் என்னிடம் வந்தார்.

"அரியமங்கலம் கிழக்க இருக்கு. நாம வடக்க போயிட்டிருக்கோம். இது ஸ்ரீரங்கம் பஸ்ஸுங்க" என்றார். பிறகு ஆறுதலாக, "இன்னிக்குப் பதினெட்டாம் பெருக்கு, எந்த பஸ்ஸுல ஏறினாலும் ஸ்ரீரங்கந்தான் போகும்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே காவேரி. நான் ஆறு என்று தெரிந்துவைத்திருப்பது மணல், முள்செடி, நடுவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். இது இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு, செம்மண் நிறத்தில், அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரிலும் ஆடிப்பெருக்கு உண்டு. குழாயில் பிடித்த தண்ணீரை வாளியில் வைத்துச் சுற்றி நின்று கும்பிடுவோம். அதைச் சொன்னதும் பக்கத்து சீட்டு மாமி ரொம்ப இரக்கப்பட்டுவிட்டார். ஸ்ரீரங்கத்துக்காரர். பெருமாள் அன்று அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளியிருப்பதாகவும், தங்கை காவேரிக்குப் பட்டும் மஞ்சளும் சீராகக் கொடுப்பார் என்றும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சேவிக்காமல் திரும்பக் கூடாது என்றும் சொன்னார். ஆற்றுக்கு அண்ணன் இருக்கிறார், வருடம் தவறாமல் சீர் வருகிறது. எங்கள் பாலாற்றுக்கு அப்படி யாரும் இல்லாமல் போனது எனக்கு அங்கேதான் உறைத்தது.

அம்மா மண்டபத்தில் வெள்ளம் அதிகம் என்று போலீஸ் கயிறு கட்டி, இரண்டு படிக்கு மேல் யாரையும் இறங்கவிடவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே காதோலை, கருகமணி, பூ எல்லாம் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. படியில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் என்னைத் தனி ஆள் என்று கண்டுபிடித்து வாழையிலைத் துண்டு நீட்டியது. புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். யார், எந்த ஊர், என்ன ஆள் என்று ஒரு கேள்வியும் இல்லை. "இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க" என்பது மட்டும்தான். என்ன ஆள் என்று கேட்ட பிறகு இலை போடுகிற ஊர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் குறித்துவைக்கிறேன்.

திரும்பும் பஸ் முழுக்கக் குடம். பெண்கள் மடியிலும் காலடியிலும் காவேரித் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் செருப்பு நனைந்தது. குடத்துக்கு லக்கேஜ் போடணும் என்றார் கண்டக்டர், பாதி விளையாட்டாக. "எங்களுக்கே டிக்கெட் கிடையாது, காவேரிக்கு மட்டும் என்னண்ணே?" என்றாள் ஒருத்தி. பஸ்ஸே சிரித்தது. தெருவுக்குப் போக இனி நேரமில்லை என்று லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அரியமங்கலத்தில் இருந்தேன். இந்த முறை மூன்று பேரைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சுத்திகரிப்பு நிலையத்தின் சூப்பர்வைசர் சந்தானம் வாசலிலேயே காத்திருந்தார். முசிறிக்காரர், நாற்பது வயது, வீட்டுத் தோட்டத்துப் பூவன் பழம் ஒரு சீப்பு எனக்கென்று கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர். ஒப்பந்தக்காரரிடம் வேலை. நிலையம் நின்றால் முசிறிப் பக்கமே வேறு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "சீக்கிரம் எடுத்துட்டா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவேன் சார்" என்றார்.

அந்தத் தெருவில் எல்லா மாதிரி ஆட்களும் உண்டு. பட்டறைத் தொழிலாளிகள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், கணவர் குவைத்தில் இருக்கும் நூர்ஜஹான் அக்கா. கண்காணிப்புக் குழாய் மல்லிகா அக்காவின் வீட்டு வாசலில் இருக்கிறது. அதன் மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி அவர் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். போன வருடமும் அப்படித்தான். அந்த இடத்தில் முன்பு தெருவின் பொதுக் கிணறு இருந்ததாம், தூர்த்துவிட்டுத்தான் குழாய் இறக்கினார்களாம்.

வேலை முறை எளிது. குழாய்க்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் சும்மா கிடக்கும் தண்ணீர். அதை முழுக்க வெளியேற்றி, பூமியிலிருந்து புதிதாக ஊறி வருவதைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன பம்ப் உண்டு. சந்தானம் பம்பைக் கொண்டுவந்து வைத்தார். ஓடவில்லை. போன வருடமும் ஓடவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"மேலாகவே எடுத்துடுங்க சார். போன தடவையும் அப்படித்தான எடுத்தீங்க" என்றார் அவர்.

உண்மைதான். போன வருடம் எனக்குச் சாயங்கால ரயில் இருந்தது. தேங்கின தண்ணீரை ஐந்தாறு முறை மொண்டு கொட்டிவிட்டு, போதும் என்று நானே முடிவு செய்து பாட்டிலை நிரப்பினேன். புது வேலை, முதல் வெளியூர், முதல் கையெழுத்து. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கயிற்றில் கட்டிய நீளக் குழாய் ஒன்றை உள்ளே இறக்கித் தண்ணீரை மேலே இழுத்தேன். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் வரும். கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பார்த்தால் லேசான மஞ்சள். குரோமியம் என்றால் மஞ்சள்தான். சோதனைத் துளியை விட்டேன். குரோமியம் இருந்தால் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறும். மாறவில்லை. உப்பு அளக்கும் மீட்டரை வைத்தேன். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மீட்டரோ நல்ல குடிதண்ணீர் என்றது.

"பாத்தீங்களா, சுத்தம்" என்று சந்தானம் கைகொட்டினார். ஒரு பாட்டிலை நிரப்பி, காலை எடுத்தது என்று லேபிள் ஒட்டினேன். மஞ்சள் இருக்கிறது, குரோமியம் இல்லை. எப்படி என்று மட்டும் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை இறக்கி இழுத்தபோது, குழாயின் வாயில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டு வந்தது.

மல்லிகா அக்காவிடம் இதழைக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமை.

"நேத்துப் பெருக்குல்ல தம்பி. அம்மா மண்டபத்துலேருந்து பன்னெண்டு கொடம் கொண்டாந்தோம். மஞ்சளுங் குங்குமமும் கரைச்சு, பூவப் போட்டு, கும்பிட்டு ஊத்தினோம். போன வருசம் நாலு வீட்டுக்காரங்கதான், ஆளுக்கொரு கொடம் ஊத்தினோம். ஊத்தின மறுநாளே நீங்க வந்து எடுத்தீங்க. தண்ணி நல்லாயிடுச்சுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? அதான் இந்த வருசம் தெருவே வந்துச்சு. நூரு கூட ஒரு கொடம் தூக்கியாந்துச்சு."

நூர்ஜஹான் அக்கா, "வெயிட்டு என்னமோ எனக்குத்தான் அதிகம்" என்றார் கதவோரமிருந்து.

போன வருடம் நான் சுத்தம் என்று எழுதியது காவேரியை. அவர்கள் குடத்தில் கொண்டுவந்து ஊற்றியதை நான் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். நான் எழுதியதை நம்பி அவர்கள் இந்த வருடம் மூன்று மடங்கு ஊற்றியிருக்கிறார்கள். அவர்கள் நம்பியது ஆற்றை மட்டும் இல்லை, என் கையெழுத்தையும்தான்.

முழுக்க இறைத்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றேன். சந்தானம் முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார். குழாயில் கிடப்பதை லிட்டர் லிட்டராக, கையால், இந்த வெயிலில். இரண்டு டிரம்மாவது வரும், சாயங்காலம் ஆகிவிடும், நல்ல ரிசல்ட் வந்திருக்கும்போது எதற்கு நோண்ட வேண்டும் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. எதிர்பார்க்காதது தெருவின் கோபம். சாமி கும்பிட்டு ஊற்றின தண்ணீரை மறுநாளே வாரிக் கொட்டுவதா என்று நாலைந்து பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "படிச்சவங்களுக்கு எது மேலதான் நம்பிக்கை இருக்கு" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

நான் போன வருடம் செய்ததைச் சொன்னேன். ரயிலையும் சேர்த்து. இன்றைக்கும் சுத்தம் என்று எழுதினால் அடுத்த மாதம் நிலையம் நிற்கும், லாரி நிற்கும், கீழே இருக்கிற விஷம் கீழேயே இருக்கும் என்றேன். மல்லிகா அக்காவின் மகள் ஆவணியில் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். லாரி நின்றால் அந்தத் தண்ணீர்தான் அவள் குடிக்கப்போவது. அதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் குழாயின் பக்கம் வந்து நின்றார்.

"காவேரி விருந்தாளி தம்பி. வந்தா, இருந்தா, போயிடுவா" என்றார். "இங்கயே குடியிருக்குறது வேற. அத வெளிய இழுங்க, நானும் மூஞ்சியப் பாக்குறேன்."

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு சொட்டுக்கூடச் சாக்கடையில் போகக் கூடாது. அந்தத் தண்ணீரைத் தரையில் கொட்ட எனக்கும் அனுமதி இல்லை, டிரம்மில் பிடித்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். அவருடைய பக்தியும் என்னுடைய விதிமுறையும் அந்த ஓர் இடத்தில் ஒத்துப்போனதில் இரண்டு பேருக்குமே ஆச்சரியம்.

ஒன்பதரை மணிக்குத் தொடங்கினோம். நூறு தடவை இழுத்ததும் என் உள்ளங்கை தோல் உரிந்தது. மல்லிகா அக்கா கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். கிணற்றில் இறைத்துப் பழகிய கை. எனக்கு ஒன்று ஆகும் நேரத்தில் அவருக்கு இரண்டு ஆனது. பிறகு வரிசை கட்டிக்கொண்டார்கள். யார் எத்தனை இழுத்தார்கள் என்று போட்டி. சந்தானம் நிழலில் உட்கார்ந்து நாங்கள் சோர்வதற்காகக் காத்திருந்தார். ஒரு மணிக்கு நூர்ஜஹான் அக்கா வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் வந்தது. எங்கள் பக்கம் பிரியாணிக்குக் கத்தரிக்காய்தான் துணை. இங்கே பருப்பில் மாங்காயும் எலும்பும் போட்டு ஒரு குழம்பு. நான் வளர்ந்த ஊரின் பிரியாணியைக் காட்டிக்கொடுக்கிறவன் இல்லை. ஆனால் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். முதல் தட்டைச் சந்தானத்துக்குத்தான் கொடுத்தார்கள். அதன் பிறகு அவரும் வந்து டிரம்மைப் பிடித்தார்.

முதல் டிரம் நிறைந்தபோது மஞ்சள் போயிருந்தது. மீட்டர் எண் மெல்ல ஏறியது. இரண்டாவது டிரம் முக்கால் ஆனபோது ஏறுவது நின்று ஒரே இடத்தில் நிலைத்தது. அதுதான் அடையாளம், இனி வருவது பூமியின் தண்ணீர். குப்பியில் பிடித்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவு. ஊற்றின தண்ணீரில் மஞ்சளைப் பார்த்துப் பயந்தவன் நான். இதில் பயப்பட ஒன்றுமே தெரியவில்லை. சோதனைத் துளியை விட்டேன்.

கத்தரிப்பூ நிறம். மெல்லப் பரவி, பிறகு குப்பி முழுக்க.

மல்லிகா அக்கா குப்பியை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "இதத்தான் நாங்க ஒரு வருசமா நல்லாயிடுச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சோமா?" என்றார். இரண்டாவது பாட்டிலை நிரப்பி, சாயங்காலம் எடுத்தது என்று லேபிள் ஒட்டினேன்.

சந்தானம் எங்கள் பரிசோதனைக் கூடத்து மேலாளரைப் போனில் பிடித்து என்னிடம் கொடுத்தார். மேலாளர் கத்தவில்லை. காலை பாட்டிலை அனுப்பினால் போதும், சாயங்காலம் மறுபடி எடுப்பது திட்டத்தில் இல்லை என்றார். காலை பாட்டிலில் இருப்பது ஸ்ரீரங்கத்துத் தண்ணீர் என்றேன். சரி, இரண்டையும் அனுப்பு, ஆனால் போன வருடத்தைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது, அது முடிந்துபோன ரிப்போர்ட் என்றார். கடைசியாக, "அதுல இருக்குறது உன் கையெழுத்து ஏழுமலை, கம்பெனிது இல்ல. நல்லா யோசிச்சுக்க" என்றார்.

"அதனாலதான் சார் எழுதுறேன்" என்றேன்.

களத் தாளில் குறிப்புகள் என்று கீழே ஒரு சின்னக் கட்டம் உண்டு. எல்லாரும் ஒன்றுமில்லை என்று எழுதும் கட்டம். அதில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். போன வருட மாதிரி முறைப்படி இறைக்காமல் எடுக்கப்பட்டது, அது செல்லாது, எடுத்தவன் நான் என்று. சந்தானம் படித்துப் பார்த்தார். சாட்சி என்ற இடத்தில் அவர் கையெழுத்து வேண்டும். பேனாவை வாங்கினார். "பம்பு ஓடலங்கிறதையும் எழுதுங்க. ரெண்டு வருசமா எழுதிக் கேட்டும் மாத்தித் தரல" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

மேலாளர் சொன்னதை நான் இரவெல்லாம் யோசித்தது உண்மை. பின்பக்கத்து எழுத்தை யாரும் நகல் எடுக்காமல் போகலாம். முன்பக்கம் மட்டும் கோப்பில் ஏறலாம். ஆகவே மல்லிகா அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை ரயிலைப் பிடிக்காமல் கலெக்டர் ஆபீஸ் போனேன். திங்கட்கிழமை மக்கள் குறை கேட்கும் நாள். மல்லிகா அக்காவும் நூர்ஜஹான் அக்காவும் எனக்கு முன்னாலேயே வந்து வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். தெருவில் மிச்சப் பேர் இன்னொரு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். எந்த பஸ் என்று கேட்டுத்தான் ஏறச் சொல்லியிருப்பதாக நூர்ஜஹான் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

மனுவைப் பதிகிற கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒருவர். வரிசை நீளம், அவருக்கு நேரம் குறைவு. என் பெயர், ஊர் எல்லாம் தட்டிக்கொண்டே வந்து நிமிர்ந்தார்.

"யார் மேல மனு?"

"என் மேலதான் சார்."

மறுபடி கேட்டார். தாளைத் திருப்பிக் காட்டி, போன வருட ரிப்போர்ட்டை ரத்து செய்யக் கேட்கிறோம், அதை எழுதியவன் நான் என்றேன். மனு கொடுக்கிறவர் பெயரும் எதிர்தரப்புப் பெயரும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் எடுக்காது என்றார் அவர். நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

மல்லிகா அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப மனு எங்க தெரு பேர்ல போடுங்க சார். எதிர்தரப்புல தம்பி பேரப் போட்டு, கூடவே என் பேரையும் போடுங்க. தம்பி தப்பா எழுதினாரு, நான் தப்பா ஊத்தினேன். மிஷின நிறுத்தாதீங்க, லாரிய நிறுத்தாதீங்க. அதான் மனு."

"ஊத்தினீங்களா, எதம்மா ஊத்தினீங்க?" என்றார் அவர்.

"காவேரிய."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற அரைமணி ஆகும், ஓரமாக நில்லுங்கள், அடுத்தவரைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

"ஓரமா நிக்க மாட்டோம் சார்" என்றார் மல்லிகா அக்கா, கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நீங்க தட்டுங்க. இங்கயே நிக்கிறோம்."

நானும் நின்றேன். அவர் தட்டத் தொடங்கினார்.